தண்டனை வேறு, பழி வேறு

அய்யா துணை

மகனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அடக்கம் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்த பிறகு, அந்தத் தாய் மட்டும் நிழல்தாங்கல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பணிவிடைக்காரர் அருகில் வந்ததும் கேட்கிறார்: "அய்யா பொறுக்கச் சொல்லியிருக்காரு, சரிதான். எனக்க மவன வெட்டுனவன் ஜாமீன்ல வந்து எங்க தெரு வழியாட்டே நடந்து போறானே. நான் எப்படிப் பொறுப்பேன்?"

இப்படி ஒரு தாய் வந்து கேட்டால் அன்புக்கொடி மக்கள் என்ன பதில் சொல்வார்கள்?

சட்டென்று வாயில் வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, "பொறுத்துக்கோம்மா, எல்லாம் அய்யா பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவது. மற்றொன்று, டீக்கடையில் நிற்கும் இளைஞர்கள் சொல்வது: "அவனச் சும்மா விடக்கூடாது." முதல் பதிலில் தாயின் கண்ணீருக்கு மதிப்பில்லை. இரண்டாவது பதிலில் இன்னொரு தாயின் கண்ணீர் காத்திருக்கிறது. தென் மாவட்டங்களில் பழிக்குப் பழி என்று நடக்கும் கொலைகள் செய்தித்தாளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த வீட்டில் அண்ணன் விழுந்தால் அடுத்த வருடம் அந்த வீட்டில் தம்பி விழுகிறான். கடைசியில் இரண்டு வீட்டிலும் விளக்கேற்ற ஆளில்லாமல் போகிறது.

ஆகவே இந்தக் கேள்வியை அவசரப்படாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். கொடுமை செய்தவனுக்குத் தண்டனை வேண்டுமா? வேண்டும் என்றால் அதை யார் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? பொறுமை என்று அய்யா சொன்னதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரும்புக் கூண்டு

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மரவேலைப்பாட்டையும் பளபளக்கும் தரையையும் பார்த்து வியக்கிறார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. மனித உருவத்தின் அளவில் இரும்புப் பட்டைகளால் செய்த கூண்டு. அதன் பெயர் சித்திரவதைக் கூடு. குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவனை அதற்குள் நிற்கவைத்துப் பூட்டி, மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். பசியிலும் வெயிலிலும் பறவைகள் கொத்தியும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வேண்டும். போகிற வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். கழுவேற்றம், யானைக்காலில் இடறுதல் என்று பழைய அரசுகளில் இதற்கு உடன்பிறப்புகள் பல உண்டு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும்போது இந்தக் கூண்டின் முன்னால் சற்று நேரம் நிற்பது நல்லது. ஒரு கேள்வி தானாக எழும். குற்றவாளி இனித் தப்பு செய்யாமல் தடுக்க இவ்வளவு தேவையா? ஒருவனைச் சிறையில் அடைத்தாலே அவன் இன்னொருவனை வெட்ட முடியாது. சாகடிப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு ஒரு நொடி போதும். அதற்கு மேல் மூன்று நாள், நான்கு நாள் துடிக்கவைப்பது எதற்காக? பார்க்கிறவனின் ஆத்திரத்துக்காக. அரசனின் அகங்காரத்துக்காக. தண்டனை எங்கே முடிந்து பழி எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கூண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டிவிடுகிறது.

இன்னொன்றும் நினைக்க வேண்டும். அந்த நாட்டில் ஒரே குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனை இருக்கவில்லை. குற்றம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் குற்றவாளி எந்தச் சாதி என்று கேட்ட காலம் அது. தோளில் துணி போட்டதும், தலையில் முண்டாசு கட்டியதும்கூடக் குற்றமாக எண்ணப்பட்டன. யாருடைய கையில் தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறதோ, அவருடைய கோபமே சட்டமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணின் மூத்தோர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

தளவாய்க்கு நேர்ந்தது

கல்குளம் வட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர் வேலுத்தம்பி. 1802 முதல் திருவிதாங்கூரின் தளவாயாக இருந்தவர். நிர்வாகத்தில் ஊழலை ஒழிக்க நினைத்தவர் என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு. அதே அளவுக்குக் கடுமையான தண்டனைகளுக்கும் அவர் பெயர் பெற்றிருந்தார். காதை அறுப்பது, மூக்கை அறுப்பது, மரத்தில் ஆணி அடித்து நிறுத்துவது போன்றவை அவர் காலத்தில் நடந்ததாக வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. கண்ட இடத்திலேயே விசாரணை, நின்ற இடத்திலேயே தண்டனை. அன்று இதைப் பலர் பாராட்டினார்கள். இன்றும் "அந்தக் காலத்துத் தண்டனை வந்தால்தான் நாடு திருந்தும்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

பின்னர் அவர் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து எழுந்தார். 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டார். போரில் தோற்று, மண்ணடி கோயிலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதோடு விட்டார்களா? இறந்த உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். ஆங்கிலேய ஆட்சியின் தலைவராக இருந்த மிண்டோ பிரபுவே இந்தச் செயலைக் கண்டித்தார்.

உயிர் போன உடலுக்கு வலி தெரியாது. அது திருந்தாது. யாருக்கும் இனி கேடு செய்யாது. அந்த உடலைத் தொங்கவிட்டதில் தண்டனை என்று சொல்ல ஒன்றுமில்லை. அது முழுக்க முழுக்கப் பழி. எந்தக் கடுமையைத் தளவாய் நியாயம் என்று நம்பினாரோ, அதே கடுமை அதிகாரம் கைமாறியவுடன் அவர் உடலைத் தேடி வந்தது. பழியின் சக்கரம் இப்படித்தான் சுற்றும். இன்று மேலே இருப்பவனை நாளை கீழே கொண்டுவரும். முத்துக்குட்டி என்ற பெயரில் ஒரு குழந்தை இந்த மண்ணில் பிறந்த ஆண்டும் அதே 1809தான்.

நடு என்ற சொல்

இதைப் படித்துவிட்டுத் தண்டனையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொலை செய்தவன் கையை வீசிக்கொண்டு நடந்தால், செத்தவனின் உயிருக்கு விலை ஒன்றுமில்லை என்று ஊரே சொல்வதாக ஆகிவிடும். ஏழை வீட்டுப் பிள்ளை செத்தால் கேட்க நாதியில்லை என்ற நிலை தர்மம் ஆகாது. அந்தத் தாயின் வேதனையில் பாதி, மகன் போனது. மறுபாதி, அவன் போனதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பது. தண்டனை வேண்டும் என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறுக்கிறவர் பொறுமையைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர்.

திருவள்ளுவர் இதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவர்களை அரசன் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பது போன்றது என்கிறார். இன்னா செய்யாமை அதிகாரத்தில், தீங்கு செய்தவர் வெட்கப்படும்படி அவருக்கு நன்மை செய்துவிடு என்கிறார். ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் முரண் இல்லை. முதல் அறிவுரை அரசனுக்கு. இரண்டாவது அறிவுரை அடிபட்டவனுக்கு. அரசனின் வேலையை அடிபட்டவன் கையில் எடுக்கக் கூடாது. அடிபட்டவனின் பொறுமையைக் காரணம் காட்டி அரசன் தன் வேலையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. அந்த அரசனுக்கும் வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் ஒரு கட்டுப்பாடு வைக்கிறார்: கோலை ஓங்கும்போது கடுமை தெரியட்டும், அடி விழும்போது மென்மை இருக்கட்டும் என்று.

ஏன் அடிபட்டவன் கையில் தண்டனை இருக்கக் கூடாது? அவனால் நடுவில் நிற்க முடியாது என்பதால்தான். தராசைப் பிடிக்கிறவன் தராசுத் தட்டிலும் உட்கார முடியாதே!

மதுரையில் கோவலனுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் போய்க்கொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் ஒரு புகாரைச் சொன்னான். மன்னன் மனம் வேறெங்கோ இருந்தது. விசாரிக்காமல் கட்டளையிட்டான். கோவலன் வெட்டுப்பட்டான். கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையைக் காட்டியபோது மன்னனால் தன் உயிரை விட முடிந்தது, கோவலன் உயிரைத் திருப்பித் தர முடியவில்லை. கண்ணகியின் கோபம் நியாயமான கோபம். ஆனாலும் அது மதுரையை எரித்தபோது, சிலம்பு எது என்றே அறியாத எத்தனையோ குடும்பங்களின் வீடுகளும் எரிந்தன. அவசரத் தண்டனையும் அளவில்லாப் பழியும் ஒரே கதையில் வருகின்றன. இரண்டுமே நிரபராதியைத் தொடாமல் விடவில்லை.

திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதை வேறு. கன்றை இழந்த பசு மணியை அடித்தபோது, பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஊராருக்கு ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதியா என்று அரசன் மறுத்தான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "உயிருக்கு உயிர்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது அதுவல்ல. நீதியின் பாரத்தை எளியவன் தலையில் ஏற்றாமல் அரசன் தன் தலையில் ஏற்றிக்கொண்டான். அந்த நடுநிலைதான் கதையின் உயிர்.

அகிலத்தில் வரும் நடுத்தீர்ப்பு என்ற சொல்லையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வெறும் தீர்ப்பு என்று சொல்லாமல் நடுத்தீர்ப்பு என்று சொல்லப்பட்டிருக்கிறது. எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடியவருக்கு மட்டுமே அது உரியது.

அகிலம் காட்டுவது

குறோணியின் கதை அன்புக்கொடி மக்கள் ஏடு வாசிப்பில் ஆண்டுதோறும் கேட்பது. அவன் ஆறு துண்டாக வெட்டப்பட்டான். அத்தோடு தீமை முடிந்ததா? ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகத்தில் ஒரு கொடியவனாகப் பிறந்து வந்தது. சூரன் போனான், இரணியன் வந்தான். இரணியன் போனான், இராவணன் வந்தான். இராவணன் போனான், துரியோதனன் வந்தான். உடலை வெட்டலாம், உள்ளே இருக்கும் அகங்காரத்தை வாளால் வெட்ட முடியாது என்ற பாடம் இதில் இருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. சூரனிடம் வீரபாகு தூது போனார். இராவணனிடம் தூது போனது. துரியோதனனிடம் கண்ணனே தூது போனார். கொடியவன் என்று தெரிந்த பிறகும், மனம் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் தண்டனை இறங்கவில்லை. தெய்வமே வாய்ப்புக் கொடுத்துக் காத்திருந்தது என்றால், கோபம் தலைக்கேறிய மனிதன் இரவோடு இரவாக அரிவாளைத் தூக்க என்ன உரிமை?

கலியுகத்தில் அய்யா ஆயுதம் ஏந்தி வரவில்லை. பண்டார வடிவில் வந்தார். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் சேவகர்கள் அவரைப் பிடிக்க வந்தபோது, கூடியிருந்த மக்கள் எதிர்த்து நிற்கத் தயாராகவே இருந்தார்கள். அய்யா அவர்களைத் தடுத்தார். சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவது எப்படி இருக்கும் என்பதைத் தன் உடலில் ஏற்றுக்காட்டினார். மாசி 19ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து வரும் வாகன ஊர்வலம் அந்த விடுதலையின் நினைவுதான். விடுதலையாகி வந்தவர் தன்னைக் காட்டிக்கொடுத்தவர்களைத் தேடிப் போகவில்லை. மக்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். பட்ட துன்பத்திலிருந்து பழியை எடுக்காமல் ஒழுக்கத்தை எடுத்தார்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பொறுத்துக்கொண்ட அய்யா, வரிக்கொடுமையைச் சரி என்று சொல்லவில்லை. சாதிக் கொடுமையைக் கண்டும் காணாததுபோல் இருக்கவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அவருடைய பொறுமை வாய்மூடிக் கிடக்கும் பொறுமை இல்லை. கொடுமையைக் கொடுமை என்று சொல்லிக்கொண்டே, கொடுமைக்காரனைப் போலத் தான் ஆகிவிட மறுக்கும் பொறுமை.

தூக்குமரம் இல்லாத ஆண்டுகள்

சித்திரவதைக் கூடு இருந்த அதே திருவிதாங்கூர், 1944இல் சித்திரைத் திருநாள் மன்னர் ஆட்சியில் மரண தண்டனையையே நீக்கியது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் அப்போது அந்த நாட்டில் இருந்தவைதான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ஒன்றியத்தின் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தபோது மரண தண்டனை திரும்ப வந்தது. ஆனாலும் நாஞ்சில் நாட்டில் தூக்குமரம் இல்லாத சில ஆண்டுகள் இருந்தன என்பது இன்று பலருக்குத் தெரியாத செய்தி.

அதற்கு முந்திய காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. தூக்குத் தண்டனைக்கு உத்தரவிட்ட மன்னர், கடைசி நேரத்தில் மன்னிப்பு ஓலை ஒன்றையும் அனுப்புவாராம். தண்டனை நிறைவேறிய பிறகுதான் அது போய்ச் சேரும்படி ஏற்பாடு இருக்குமாம். கொன்ற பாவம் மன்னரைச் சேராது, கயிற்றை இழுத்த ஆராச்சாரைச் சேர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்தப் பாவத்தை நினைத்து ஆராச்சார்கள் வாழ்நாளெல்லாம் தவித்ததாகவும் சொல்வார்கள். கதை முழுக்க உண்மையோ இல்லையோ, அதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு மனிதனைத் தீர யோசித்துக் கட்டிவைத்துக் கொல்வதில் ஏதோ பிழை இருக்கிறது என்று ஆணையிட்டவருக்கே உறுத்தியிருக்கிறது.

இன்றைய சட்டத்தில் கொலைக்கு ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மரண தண்டனை கொடுப்பதென்றால் அதற்குத் தனிச் சிறப்பான காரணத்தை நீதிபதி எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுள் தண்டனைதான் பொது விதி, அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் பகவதி மட்டும், மரண தண்டனையே கூடாது என்று மாறுபட்டார். 2015இல் சட்ட ஆணையம் தன் 262ஆவது அறிக்கையில், பயங்கரவாதம் தொடர்பான குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது.

இன்றும் கீழ் நீதிமன்றம் தூக்கு என்று சொன்னால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது. பிறகு உச்ச நீதிமன்றம். பிறகு ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு. "இத்தனை வருஷம் இழுக்கிறார்களே" என்று ஊரில் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தேவையில்லாமல் வழக்கு இழுப்பது தாய்க்கு இன்னொரு தண்டனை. ஆனால் பல கண்கள் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு, கோவலனைப் போல இன்னொருவன் வெட்டுப்படாமல் இருக்கத்தான். தவறாகச் சிறையில் வைத்தவனை வெளியே விட்டுவிடலாம். தவறாகக் கொன்றவனை என்ன செய்ய முடியும்?

மன்னிப்பு யாருடையது?

1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒடிசாவில் மனோகர்பூர் என்ற ஊரில், கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் தன் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கூடவே அவருடைய இரண்டு மகன்கள். ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு ஆறு. வண்டிக்குத் தீ வைத்தார்கள். மூவரும் கருகினார்கள். அவர் பல ஆண்டுகள் தொழுநோயாளர்களுக்குப் பணி செய்தவர்.

அவருடைய மனைவி, கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். உடனே ஊரைவிட்டுப் போய்விடாமல், பாரிபடாவிலேயே தங்கிச் சில ஆண்டுகள் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் அந்தப் பெண்மணி தெளிவாக இருந்தார்.

வேற்று மதத்தவர் என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு இருக்கைகள் தெளிவாகத் தெரிகின்றன. நீதிமன்றம் தன் இருக்கையில் இருந்து தண்டித்தது. அடிபட்டவர் தன் இருக்கையில் இருந்து பழியைக் கைவிட்டார்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மன்னிப்பது அடிபட்டவருக்கு மட்டுமே உள்ள உரிமை. அதை வேறு யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணத்தை வாங்கிக் கொடுத்து, "மன்னிச்சிரும்மா, கேஸ வாபஸ் வாங்கிரு" என்று ஏழைத் தாயை நெருக்குவது மன்னிப்பு ஆகாது. அது இரண்டாவது கொடுமை.

அந்தத் தாய்க்குப் பதில்

இப்போது நிழல்தாங்கல் திண்ணைக்குத் திரும்பி வரலாம். தாய் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடம் பொறுமையைச் சொல்வதற்கு முன்னால் மற்றவர்கள் செய்ய வேண்டியது இருக்கிறது. கொலை நடந்த அன்று தெருவில் நான்கு பேர் பார்த்திருப்பார்கள். அவர்கள் நீதிமன்றத்தில் கூண்டேறிக் கண்டதைக் கண்டபடி சொல்வார்களா? அல்லது பயந்தும் பணத்துக்கு மயங்கியும் பிறழ் சாட்சியாக மாறுவார்களா? சாட்சிகள் பிறழ்ந்து கொலைகாரன் விடுதலையாகும்போது, செத்தவனின் தம்பி அரிவாளைத் தேடுகிறான். அடுத்த கொலையில் அந்தச் சாட்சிகளுக்கும் பங்கு உண்டு. பழியை நிறுத்த விரும்புகிற ஊர் முதலில் சாட்சி சொல்லப் பழக வேண்டும்.

ஜாமீனில் வந்தவன் மிரட்டினால், ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு இழப்பீடு வழங்கும் திட்டமும் உண்டு, அதற்கும் அதே ஆணைக்குழுவை அணுகலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரோடு நாகர்கோவிலுக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறிப் போனால், அது அன்னதர்மத்துக்குக் குறையாத தர்மம். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கி நிறுத்துவதையே தர்மம் என்று அய்யா கற்பித்தார். மகனை இழந்த தாயைவிடத் தாழ்ந்து கிடப்பவர் யார்?

இவ்வளவும் செய்த பிறகு பொறுமையைப் பற்றிச் சொல்லலாம். அப்போது அது கேட்கும். "அம்மா, அவனை மறந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. தண்டனை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு, உன்னோடு நாங்களும் வந்து கேட்கிறோம். ஆனால் உன் இளைய மகன் கையில் அரிவாள் போக விடாதே. ஒரு மகன் மண்ணுக்குப் போனான், இன்னொரு மகன் சிறைக்குப் போக வேண்டாம்." அய்யா கேட்கும் பொறுமை அவ்வளவுதான்.

கொலை செய்தவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கும் ஒரு தாய் இருக்கிறார். அந்த வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் "கொலைகாரன் பிள்ளை" என்று ஒதுக்கினால், அடுத்த தலைமுறைக்குப் பழியை ஊரே விதைப்பதாக ஆகும். தண்டனை செய்தவனோடு நிற்க வேண்டும். அவன் பிள்ளைகளைத் தொடரும்போது அது பழியாகிவிடுகிறது.

பதியின் பள்ளியறையில் கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் போய் நிற்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று கண்ணாடி கேட்பதில்லை. யார் நின்றாலும் அவர் முகத்தையே காட்டுகிறது. கொலை செய்தவன் என்றாவது ஒரு நாள் வந்து நின்றாலும் அது அவன் முகத்தையே காட்டும். தான் செய்ததை நினைத்து அவன் கதறி அழும் அந்த நாளைவிடப் பெரிய தண்டனை அவனுக்கு வேறு இருக்க முடியாது. அவனைக் கொன்றுவிட்டால் அந்த நாளையும் சேர்த்துக் கொன்றதாகிவிடும். பழி தீர்த்தவன் வந்து நின்றால், அவனுக்கும் கண்ணாடி ஒரு கொலைகாரனின் முகத்தைத்தான் காட்டும்.

அறநெறி வகுப்பில் பேசிப் பார்க்க

1. ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய குடும்பத்தையோ சாதியையோ வெறுத்த நிகழ்ச்சி ஊரில் நடந்ததுண்டா? அதை எப்படித் தடுத்திருக்கலாம்?

2. ஒரு குற்றத்தைக் கண்ணால் கண்டவர் சாட்சி சொல்லத் தயங்குவது ஏன்? அவருக்குத் துணையாகத் தாங்கல் மக்கள் என்ன செய்யலாம்?

3. "பொறுத்துப் போ" என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால், அவருக்காகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோமா?

அய்யா உண்டு